ஆயுளுக்கு ஓர் அகப்பை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால், சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், பின்னேரத்தில் நடவுங்கள் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அதையும் ஓரிடத்தில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னர் உங்களை ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறேன். அது யப்பானில் இருக்கிறது. நீண்ட ஆயுளையும் நல்வாழ்வையும் வேண்டி மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போய்வருகின்ற ஷின்டோ ஆலயம் அது. எங்கள் பாடசாலை நூறு வயதை எட்டியிருக்கும் இந்த வேளையில், ஆயுளை நாங்கள் எதற்காகக் கேட்கிறோம் என்று யோசித்துப் பார்க்க அந்த இடம் உதவும்.

கியோத்தோ நகரில் நடந்த மருத்துவ மாநாடு ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். இடையில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. புகையிரதத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹிகோனே என்ற ஊர் வருகிறது. அருகில் பிவா ஏரி. ஏறக்குறைய 670 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, யப்பானின் மிகப் பெரிய ஏரி. ஹிகோனேயில் இறங்கி, ஓமி என்ற சிறிய தனியார் புகையிரதத்துக்கு மாறவேண்டும். அதன் கிளைப் பாதையொன்றின் கடைசித் தரிப்பிடத்தின் பெயரே 'தாகா தைஷா மே', அதாவது 'தாகா பேராலயத்தின் முன்'. இறங்கியவுடன் பெரியதொரு 'தோரீ' நிற்கிறது. இரண்டு தூண்கள், மேலே குறுக்கே இரண்டு சட்டங்கள். ஷின்டோ ஆலயத்தின் எல்லையைக் காட்டும் வாசல் அது. அங்கிருந்து பத்து நிமிட நடை.

அந்தத் தெரு எங்கள் கோயில் வீதி போலத்தான். இரண்டு பக்கமும் கடைகள். அங்கே விற்கும் பிரபலமான பண்டம் 'இதோகிரி மோச்சி'. அரிசிமாவை அவித்துப் பிசைந்து, உள்ளே இனிப்பான பயற்றங்களி வைத்து, மேலே நீலமும் சிவப்புமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து வந்து திரும்பிப் போனதன் நினைவு அது என்றும், அந்தக் கோடுகள் அவர்களுடைய கப்பற்கொடியின் நிறங்கள் என்றும் ஒரு கதை. இதைக் கத்தியால் வெட்டுவதில்லை, நூலால் அறுக்கிறார்கள். 'இதோகிரி' என்றால் நூலால் அறுத்தது என்றுதான் பொருள். ஆயுளுக்காக வேண்டுகிற இடத்தில் விற்கும் பண்டத்தில் ஆயுதம் படக்கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

அவ்வூர் மக்கள் இந்த ஆலயத்தை 'ஒதாகா சான்' என்று செல்லமும் மரியாதையும் கலந்து அழைக்கிறார்கள். நாங்கள் நல்லூரான், சந்நிதியான் என்று சொல்வதில்லையா, அது போல. உள்ளே போகமுன் கல்தொட்டியில் கையையும் வாயையும் அலம்பவேண்டும். சந்நிதிக்கு முன் இரண்டு தரம் குனிந்து வணங்கி, இரண்டு தரம் கைதட்டி, மீண்டும் ஒரு தரம் வணங்கவேண்டும். எங்கள் கோயில்களில் போலக் கண்ணாரக் காண ஒரு மூர்த்தி அங்கே இல்லை. மரமும், தேவதாரு மணமும், அமைதியும்தான்.

இங்கே உறையும் தெய்வங்கள் இருவர், இஸானகியும் இஸானமியும். யப்பானியத் தீவுகளைப் பெற்றெடுத்த ஆதித் தம்பதியர் என்று 712 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட 'கொஜிகி' என்ற நூல் இவர்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரு பெண் வைத்தியராக என்னை நிறுத்தியது அந்தக் கதைதான். ஆயுளைத் தருபவளாக வணங்கப்படும் இஸானமி, கதையில் பிள்ளைப்பேற்றில் இறந்தவள். நெருப்புத் தெய்வத்தைப் பெற்றபோது உடல் வெந்து மாண்டாள். துயரம் தாங்காத கணவன் அவளைத் தேடி இறந்தவர்களின் உலகத்துக்குப் போகிறான். என்னைப் பார்க்காதே என்று அவள் கேட்டுக்கொண்டதையும் மீறிப் பார்க்கிறான். அவளுடைய உடல் அழுகிக் கிடக்கிறது. பயந்து ஓடி வந்து, இரண்டு உலகங்களுக்கும் நடுவே பெரிய பாறையொன்றை வைத்து அடைக்கிறான். பாறைக்கு அப்பால் நின்று அவள் சொல்கிறாள்: உன் நாட்டில் நாளுக்கு ஆயிரம் பேரைச் சாகடிப்பேன். அவன் பதில் சொல்கிறான்: அப்படியானால் நான் நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேறுகால வீடுகளைக் கட்டுவேன்.

இதைத்தான் நாங்கள் மருத்துவக் கல்லூரியில் பிறப்பு வீதம், இறப்பு வீதம் என்று படித்தோம். பேறுகாலத்தில் தாய் இறப்பது உலகத்தின் எல்லா மக்களுக்கும் மிகப் பழைய துக்கம். அந்தத் துக்கத்தை வெகுவாகக் குறைத்துக் காட்டிய நாடுகளில் ஒன்றாக எங்கள் இலங்கையை இன்றும் உலகம் எடுத்துக்காட்டுகிறது. சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வந்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு, எங்கள் அம்மாமார் 'மிட்வைஃப் அம்மா' என்று கூப்பிட்டவர்களுக்கு, அதில் பெரும் பங்கு உண்டு. அவர்களும் எங்கள் பாடசாலை போன்ற பாடசாலைகளில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள்தான்.

யப்பானில் இன்று அந்தக் கணக்குத் தலைகீழாகிவிட்டது. 2024 இல் அங்கே பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 6 இலட்சத்து 86 ஆயிரம். இறந்தவர்கள் 16 இலட்சம். நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்சம் பேர் பிறக்க, நாலாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். இஸானகியின் வாக்கு அங்கே பொய்த்துப் போயிற்று. ஆனால் இறப்பவர்களிற் பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்ந்து முடித்தவர்கள். 1947 இல் யப்பானியப் பெண்ணொருத்தியின் சராசரி ஆயுள் 54 வயதைத் தொடவில்லை. 2023 இல் அது 87.

இதை ஒதாகா சான் மட்டும் கொடுக்கவில்லை என்று வைத்தியர் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும். காசநோயைக் கட்டுப்படுத்தினார்கள். 1961 இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதி கிடைக்க வழி செய்தார்கள். 1951 முதல் 1980 வரை அங்கே மக்களை அதிகமாகக் கொன்ற நோய் பாரிசவாதம். அதற்குப் பெரிய காரணங்களுள் ஒன்று உப்பு: ஊறுகாய், உப்புக் கருவாடு, மிசோ. ஊரூராகப் போய் இரத்த அழுத்தத்தை அளந்து, வீடு வீடாக உப்பைக் குறைக்கச் சொல்லி அந்தச் சாவுகளைக் குறைத்தார்கள். ஆகவே உப்பைக் குறையுங்கள். நான் சொன்னபடி சொல்லிவிட்டேன்.

ஆலயத்துக்குள் திரும்பிப் போவோம். அங்கே 'ஆயுட்கல்' என்று ஒரு கல் இருக்கிறது. அதன் கதை இது. 1180 இல் நடந்த போரொன்றில் நாரா நகரின் தோதாய்ஜி என்ற பெரிய பௌத்த ஆலயம் எரிந்தது. அங்கிருந்த மாபெரும் புத்தர் சிலையும் உருகிச் சிதைந்தது. அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பை சோகென் என்ற துறவியிடம் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது வயது 61. அந்தக் காலத்தில் அது கணக்கு முடிக்கும் வயது. வேலையோ பெரியது. அவர் தாகாவுக்கு வந்து, வேலை முடியுமட்டும் ஆயுள் வேண்டும் என்று வேண்டினார். ஓர் இலை வந்து விழுந்தது. பூச்சி அரித்த அந்த இலையில் ஓர் எழுத்துத் தெரிந்தது. அதைப் பிரித்து வாசித்தால் 'இருபது' என்றும் 'நீட்டு' என்றும் வரும். இருபது ஆண்டுகள் கிடைத்துவிட்டன என்று எழுந்து போனார்.

இலை விழுந்தது கதையாக இருக்கலாம். அவர் செய்த வேலை வரலாறு. 1185 இல் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தது. 1195 இல் மண்டபம் நிறைவெய்தியது. 1206 இல், 86 ஆவது வயதில், அவர் காலமானார். நன்றி சொல்லத் தாகாவுக்கு வந்து, அந்தக் கல்லில் அமர்ந்தபடியே கண்மூடினார் என்று ஆலயக் கதை முடிகிறது. அவர் கட்டிய மண்டபம் பிற்காலப் போரொன்றில் மீண்டும் எரிந்தது. ஆனால் 1199 இல் அவர் எழுப்பிய தெற்குப் பெருவாசல் இன்றும் நிற்கிறது. இன்று தாகாவுக்கு வருபவர்கள் சிறிய வெள்ளைக் கற்களில் தங்கள் பெயரையும் வேண்டுதலையும் எழுதி ஆயுட்கல்லின் அருகே வைக்கிறார்கள். நான் போனபோது நூற்றுக்கணக்கான கற்கள் இருந்தன. எழுத்துக்களை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவற்றில் எழுதப்பட்டிருக்கக் கூடியவை எனக்குப் புதியவை அல்ல. வைத்தியசாலை விடுதியில் நாள்தோறும் கேட்பவைதான் அவை.

இரண்டாவது கதை அரசியல்வாதி ஒருவரைப் பற்றியது. யப்பானை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்த தொயோதொமி ஹிதெயோஷி, 1588 இல் தம் தாயார் கடும் சுகவீனமுற்றபோது தாகாவுக்கு வேண்டுதல் அனுப்பினார். மூன்று ஆண்டுகள் ஆயுள் கொடு, முடியாவிட்டால் இரண்டு, அதுவும் முடியாவிட்டால் முப்பது நாட்களாவது கொடு. இதுதான் வேண்டுதல். காணிக்கையாகப் பத்தாயிரம் 'கொக்கு' அரிசி தருவதாக வாக்களித்தார். ஒரு கொக்கு என்பது ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குப் போதுமான அரிசி என்று கணக்கு. தாயார் குணமடைந்தார். ஆலய முகப்பில் முதுகு வளைந்த ஆமை போல நிற்கும் கற்பாலம் இன்றும் ஹிதெயோஷியின் பட்டப்பெயரைச் சூடியிருக்கிறது.

எவ்வளவு பெரிய அதிகாரம் இருந்தாலும் பேரம் முப்பது நாட்களுக்கு இறங்கி வந்துவிடுகிறது, பார்த்தீர்களா? இந்தப் பேரம் எனக்கு நன்றாகத் தெரியும். "டொக்டர், மூத்த மகன் கனடாவில இருந்து வெளிக்கிட்டிட்டார். அவர் வந்து முகம் பாக்குமட்டும் எப்பிடியாவது..." இந்த வசனத்தைக் கேட்காத வைத்தியர் எங்கள் ஊரில் இல்லை. யாரும் என்னிடம் நூறாண்டு கேட்டதில்லை. பேத்தியின் கலியாணம் வரை, பரீட்சை முடியும் வரை, விமானம் வந்து இறங்கும் வரை என்றுதான் கேட்பார்கள். சோகென் ஒரு வேலைக்காகக் கேட்டார், ஹிதெயோஷி ஓர் ஆளுக்காகக் கேட்டார். ஆயுளை யாரும் சும்மா கேட்பதில்லை என்று அங்கே நின்றபோது எனக்கு விளங்கிற்று.

ஆனால் ஹிதெயோஷியின் கதை அங்கே முடியவில்லை. அந்தத் தாய் 1592 இல் காலமானார். அதே ஆண்டில்தான் மகன் கொரியாவின் மீது பெரும் படையை அனுப்பியிருந்தார். அந்தப் போர் அவர் சாகும்வரை, 1598 வரை, இழுபட்டது. கொன்றவர்களின் மூக்குகளை அறுத்து, உப்பில் இட்டு, கணக்குக் காட்ட யப்பானுக்கு அனுப்பினார்கள். பல்லாயிரக்கணக்கான மூக்குகளைப் புதைத்த மேடு இன்றும் கியோத்தோவில் இருக்கிறது. தன் தாயின் முப்பது நாட்களுக்காக மண்டியிட்ட ஒருவருக்கு, மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுடைய முப்பது ஆண்டுகள் பெரிதாகத் தெரியவில்லை.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. நாற்பதுகளில் இருக்கும் என் வகுப்புத் தோழியர், ஆயுள் என்ற சொல்லை மிக இளவயதிலேயே வேறு விதமாகக் கற்றவர்கள். இன்று எங்களுடன் இருந்திருக்க வேண்டிய சிலர் இல்லை. ஆகவே ஆயுளுக்காக வேண்டும்போது எனக்கு மட்டும், என் வீட்டுக்கு மட்டும் என்று வேண்ட எங்களால் முடியாது; வேண்டவும் கூடாது.

இனி மூன்றாவது கதை. நான் உங்களுக்குக் கொண்டுவந்தது உண்மையில் இதைத்தான். தாகாவின் மிகப் பெயர்பெற்ற காப்புப் பொருள் தாயத்து அல்ல, நூல் அல்ல. அகப்பை. எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட கென்ஷோ என்ற பேரரசி நோய்வாய்ப்பட்டபோது, ஆலயத்துப் பூசகர்கள் அரிசியை ஆவியில் அவித்து, அங்குள்ள மரமொன்றில் செதுக்கிய அகப்பையையும் சேர்த்து அனுப்பினார்களாம். பேரரசி குணமடைந்தாராம். அன்று முதல் நீண்ட ஆயுளுக்கு அடையாளம் அகப்பை. வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் பலகைகள் கூட அங்கே அகப்பை வடிவில் இருக்கின்றன. யப்பானிய மொழியில் குழிவான அகப்பைக்கு வழங்கும் சொல்லே இந்த 'ஒதாகா அகப்பை'யிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள்.

அரசிக்குக்கூடப் பரிகாரம் யாரோ ஒருவர் அவித்துப் போட்ட சோறுதான். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வயது போனவர்கள் தனியாக இருந்தால் முதலில் குறைவது சமையல். தேநீரும் பிஸ்கட்டுமாக நாள் போகும். உடல் மெலியும், தசை வற்றும், ஒரு நாள் கால் தடுக்கும், இடுப்பெலும்பு முறியும். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்களிடம் வருவார்கள். மருந்துச் சிட்டையில் நான் எழுத முடியாத மருந்து, பக்கத்தில் இருந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கும் ஒருவர். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியில் இருந்தாலும், அகப்பையைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

யப்பானைப் பாருங்கள். நூறு வயதானவர்களுக்கு அரசாங்கம் வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கத் தொடங்கியது 1963 இல். அப்போது நாடு முழுவதிலும் அவர்கள் 153 பேர். 2024 இல் 95,119 பேர். கிண்ணம் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் கொடுக்கிறார்கள். அந்த 95,119 பேரில் நூற்றுக்கு 88 பேர் பெண்கள். மறுபக்கமும் இருக்கிறது. அதே 2024 இல் தங்கள் வீட்டில் தனிமையில் இறந்து கிடந்தவர்கள் 76,020 பேர் என்று அந்நாட்டுப் பொலிஸார் கணக்கெடுத்தார்கள். நால்வரில் மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆயுளைக் கேட்டார்கள், கிடைத்தது. அகப்பை பிடிக்க ஆள் இல்லாமற் போயிற்று.

எங்கள் நிலைமை இதற்கு எவ்வளவு தூரம்? பிள்ளைகள் லண்டனில், டொரோண்டோவில், சிட்னியில். ஊரில் பெரிய வீடு, மல்லிகைப் பந்தல், பூட்டிய அறைகள், உள்ளே ஓர் அம்மா. ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக வாழ்கிறோம். ஆகவே கடைசியில் தனித்திருக்கப் போவதும் பெரும்பாலும் நாங்கள்தான். பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகளான எங்களுக்கு இது யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல. எங்களுக்கு அகர முதல் அனைத்தும் சொல்லித் தந்த ரீச்சர்மார் பலர் இப்போது எண்பதுகளில், தொண்ணூறுகளில் இருக்கிறார்கள். சிலர் திருமணம் செய்யாமல், எங்களையே பிள்ளைகளாக எண்ணி வாழ்ந்தவர்கள்.

நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுகிறோம், மலர் வெளியிடுகிறோம். நல்ல காரியங்கள். சோகென் போல ஒரு வாசலாவது கட்டிவிட்டுப் போவோம். அத்துடன் ஒரு சிறிய காரியத்தையும் உங்களிடம் கேட்கிறேன். மண்டபத்தின் வாசலில், பதிவு மேசையின் வலப்பக்கத்தில், ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நிரல்கள். இடப்பக்கத்தில், தனியாக இருக்கும் எங்கள் ஆசிரியை ஒருவருடைய, அல்லது பழைய மாணவி ஒருவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அருகில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். போகும்போது ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு போங்கள். தூரத்தில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு தரம் தொலைபேசி எடுத்து, இன்று என்ன சமைத்தீர்கள், ரீச்சர் என்று கேளுங்கள். இந்த மலரைத் தூர தேசத்தில் இருந்து வாசிப்பவர்கள், தங்கள் கிளைச் செயலாளருக்கு இந்த இரண்டு பெயர்களையும் அனுப்பிவையுங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் இரண்டு நிரல்களையும் நான் நிரப்பிவிட்டேன். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது.